புறநானூற்றுத் தாய்

புறநானூற்றுத் தாய் என்பது, ஒரே மகனையும் போருக்கு அனுப்பும் வீரத்தாயைக் குறிக்கத் தமிழ் மேடைகளிலும் எழுத்துகளிலும் வழங்கும் தொடர். இதற்கு அடிப்படையான பாடல்களுள் ஒன்று ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூறு 279.

அப்பாடலின் தாய், முன்பு நடந்த போரில் பிறந்த வீட்டு உறவையும் நேற்றைய போரில் கணவனையும் இழந்தவள். இன்றும் போர்ப்பறை ஒலிக்கிறது. மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் தடவி, வேல் கொடுத்து அனுப்புகிறாள்.

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். அதற்கு முன்பே, 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை தமிழைத் தெய்வமாக வணங்கியிருந்தார். பின்னாளில் மொழி இயக்கத்தில் இவ்விரு உருவங்களும் இணைந்தன: மொழியே தாய், அதற்குத் தன் பிள்ளையைத் தருபவள் வீரத்தாய். 1938இல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தாய்மார் சிலர் கைக்குழந்தைகளுடன் சிறை சென்றனர்.

ஆனால் 279ஆம் பாடல் மொழியைப் பற்றியதன்று. அதன் துறை மூதின்முல்லை. அது பேசுவது பழமையான மறக்குடியின் இயல்பை. பறையொலி கேட்ட தாய் போரை விரும்புகிறாள். அதே நேரத்தில் மயங்கவும் செய்கிறாள். அவளது துணிவின் கடுமையைக் கண்டு புலவர் திகைக்கிறார். மேடைகளில் அந்தத் துணிவு மட்டுமே நிலைத்தது. தாயின் மயக்கமும் புலவரின் திகைப்பும் பாடலை முழுமையாகப் படிப்பவருக்கே தெரியவரும்.