1,000 கட்டுரை எழுதிய 'எக்ஸ்ரே' விஞ்ஞானி: தப்புன்னு சொன்னாலும் ஏறும் மதிப்பெண்!

ஒரு ஓட்டல் நல்ல ஓட்டலா என்பதை வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து சொல்லிவிடலாம். நடிகர் என்றால் வசூல் கணக்கு. ஆனால் வானத்தை ஆராயும் விஞ்ஞானி எப்படிப்பட்டவர் என்று எதை வைத்து எடை போடுவது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிக்கு பணம் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு குறுக்கே வந்து நிற்கும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை சேர்ந்தவர் ஆன்ட்ரூ பேபியன். 1948-ல் பிறந்தவர். நட்சத்திரக் கூட்டங்களில் இருந்து வரும் எக்ஸ்ரே கதிர்களை ஆராய்வதுதான் இவர் தொழில். ஆஸ்பத்திரியில் எலும்பை படம் பிடிக்கும் அதே எக்ஸ்ரே வானத்தில் இருந்தும் வருகிறது. பூமியின் காற்று மண்டலம் அதை தடுத்துவிடுவதால் செயற்கைக்கோளில் டெலஸ்கோப்பை ஏற்றி அனுப்பித்தான் பார்க்க முடியும்.

பேபியன் தனியாகவும் மற்றவர்களோடு சேர்ந்தும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 1,000-க்கும் அதிகம். ஆனால் எத்தனை எழுதினார் என்பது பாதிக் கணக்குதான். அந்தக் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையில் எத்தனை தடவை எடுத்துக் காட்டினார்கள் என்பதுதான் மீதி. இதற்கு 'மேற்கோள்' என்று பெயர்.

சைக்கிள் கணக்கு

இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக சொல்ல 2005-ல் அமெரிக்க பேராசிரியர் ஜார்ஜ் ஹிர்ஷ் 'எச் எண்' என்று ஒரு வழி சொன்னார். 100 கட்டுரை இருந்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 100 மேற்கோள் கிடைத்திருந்தால் எச் எண் 100. பேபியன் அந்த 100-ஐ தாண்டியவர்.

வேடிக்கை என்னவென்றால், இதே மாதிரி கணக்கை அதற்கு பல ஆண்டுகள் முன்பே கேம்பிரிட்ஜில் ஒரு வானியல் விஞ்ஞானி சைக்கிளுக்கு போட்டு வைத்திருந்தார். அவர் ஆர்தர் எட்டிங்டன். 84 மைலோ அதற்கு மேலோ 84 நாட்கள் மிதித்தால் எண் 84. 1944-ல் அவர் இறந்தபோது அவருடைய எண் அந்த 84-தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போன சுப்பிரமணியன் சந்திரசேகரின் கண்டுபிடிப்பை 1935-ல் லண்டன் கூட்டத்தில் கிண்டல் செய்தவரும் இதே எட்டிங்டன்தான். அந்த சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1999-ல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு 'சந்திரா' என்று அவர் பெயரையே வைத்தார்கள். பேபியனின் கதையில் திருப்பத்தை கொண்டு வந்ததும் அந்த சந்திராதான்.

ஆறாத காபி

பெரிய நட்சத்திரக் கூட்டங்களின் நடுவே பல கோடி டிகிரி சூட்டில் வாயு நிரம்பிக் கிடக்கிறது. டபரா காபி ஆறுவது போல அதுவும் ஆறி, சுருங்கி, உள்ளே விழ வேண்டும் என்று 1977-ல் பால் நல்சனுடன் சேர்ந்து பேபியன் எழுதினார். 1994-ல் இதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தன. சில இடங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் அளவுக்கு வாயு ஆற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அவ்வளவு புது நட்சத்திரங்களைக் காணோம்! 2001 வாக்கில் சந்திராவும், ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் அனுப்பிய தகவல்களை பார்த்தால், வாயு சொன்ன அளவுக்கு ஆறவே இல்லை.

இங்கேதான் மேற்கோள் கணக்கின் ஓட்டை தெரிகிறது. ஒரு கட்டுரை சரி என்று எழுதினாலும் ஒரு மேற்கோள், தப்பு என்று எழுதினாலும் ஒரு மேற்கோள். திட்டி போட்டாலும் பேப்பரில் பேர் வந்தால் வந்ததுதானே, அந்த மாதிரி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது.

பேபியன் பழைய பேரை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. அடுப்பு எங்கே எரிகிறது என்று தேடினார். சுமார் 25 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் உள்ள பெர்சியஸ் கூட்டத்தை சந்திரா மூலம் 53 மணி நேரம் பார்த்ததில், குளத்தில் கல் எறிந்தது போல வாயுவில் அலைகள் தெரிந்தன. நடுவில் உள்ள கருந்துளையில் இருந்து கிளம்பும் குமிழிகள் தள்ளியதால் உண்டான ஒலி அலைகள் அவை. 2003-ல் அறிவித்தார்கள். பியானோவின் நடு ஸ்வரத்தில் இருந்து 57 ஸ்தாயி கீழே! ஒரு அலை கடக்க சுமார் 1 கோடி ஆண்டு ஆகும் என்றால் எந்தக் காதுக்கும் கேட்காது. அந்த அலைகள் வாயுவை சூடாக்கி ஆறவிடாமல் வைத்திருக்கலாம் என்பது பேபியன் குழுவின் வாதம். கருந்துளை இப்படி சுற்றுப்புறத்தை மாற்றுவது பற்றி 2012-ல் அவர் எழுதிய கட்டுரையும் மேற்கோளில் முன்வரிசையில் நிற்கிறது. 2020-ல் 10 லட்சம் டாலர் காவ்லி பரிசு அவருக்கு கிடைத்தது.

கண்ணாடி தேய்த்தவர்?

மேற்கோள் கணக்கில் இன்னொரு குறையும் உண்டு. டெலஸ்கோப் கண்ணாடியை வருடக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியவருக்கு அந்த வேலைக்காக ஒரு மேற்கோளும் வராது. கட்டுரையில் பேர் இருந்தால்தான் கணக்கு.

வாயு எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்று நேரடியாக அளக்கும் கருவியை விண்ணில் வைக்க ஜப்பான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. 2000-ல் ராக்கெட்டே சொதப்பியது. 2005-ல் போன சுசாக்கு செயற்கைக்கோளில் குளிரூட்டும் ஹீலியம் சில வாரங்களில் காலி. 2016 பிப்ரவரியில் போன ஹிட்டோமி அடுத்த மாதமே தாறுமாறாக சுழன்று உடைந்தது. ஆனால் உடைவதற்குள் பெர்சியசை பார்த்து முடித்திருந்தது. நினைத்ததை விட வாயு அமைதியாக, விநாடிக்கு சுமார் 164 கி.மீ. வேகத்தில்தான் கலங்கிக் கொண்டிருந்தது. அந்த ஆண்டே 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பேர் இருந்தது, பேபியனும் அதில் ஒருவர். அத்தனை பேருக்கும் அது ஆளுக்கு ஒரு கட்டுரைதான்.

ஹிட்டோமிக்கு பதிலாக செய்த 'எக்ஸ்ரிசம்' 2023 செப்டம்பரில் ஜப்பானின் தனேகாஷிமா தளத்தில் இருந்து கிளம்பியது. இந்தத் தடவை கருவி உடையவில்லை.