மாற்று உறுப்பைக் காக்கும் செவிலியம்

உறுப்பு மாற்றுச் செவிலியம் என்பது உறுப்பைக் கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் பராமரிக்கும் தனித்துறை. சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றைப் பொருத்தும் அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் தொடங்கும் கவனிப்பு ஆயுள் முழுவதும் நீளும். சாதாரண நோயாளியிடம் தெரியும் அறிகுறிகள் சில, உறுப்பு பெற்றவரிடம் மங்கலாகத் தெரியும். சில தெரியவே தெரியாது. பொதுச் செவிலியர் படிப்புக்கு மேல் தனிப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

துறை உருவான விதம்

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒத்த இரட்டையரில் ஒருவரது சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுவே. இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதவில்லை. பிறர் உறுப்பை ஏற்கவைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு 1983-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபின், பிழைத்து வீடு திரும்புவோர் பெருகினர். அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்கத் தெரிந்த செவிலியரின் தேவையும் பெருகியது.

1992-இல் பன்னாட்டு உறுப்பு மாற்றுச் செவிலியர் சங்கம் தோன்றியது. 2009-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுப் பணித்தரங்களை வெளியிட்டது. அந்நாட்டில் பணி அனுபவம் உள்ள செவிலியர் தேர்வு எழுதி, மருத்துவப் பிரிவுச் செவிலியர் என்றோ ஒருங்கிணைப்பாளர் என்றோ சான்று பெறலாம். சான்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; மருந்துகளும் முறைகளும் அவ்வளவு வேகமாக மாறுகின்றன.

இந்தியாவில் பெரும்பாலானோர் பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்து, வார்டில் வேலை பார்த்தபடியே இதைக் கற்கின்றனர். ஒருங்கிணைப்பாளர் பணிக்கு மட்டும் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டபின், ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனை உறுப்பு மாற்றுக்குப் பதிவு பெற முடியாது. செவிலியர், மருத்துவப் பட்டதாரி, சமூகப்பணி படித்தவர் ஆகியோர் இப்பணிக்கு வரலாம். சென்னையில் 1997-இல் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. 2008-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய, இறந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டமும் இத்தகைய ஒருங்கிணைப்பாளர்களை நம்பியே நடக்கிறது.

கொடையாளரின் படுக்கையருகில்

இந்தியச் சட்டப்படி, மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். குடும்பத்தார் சம்மதம் தந்தபின், அந்த உடலில் உறுப்புகள் கெடாமல் காப்பது தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் வேலை. மூளைத்தண்டு செயலிழக்கும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் ஒருசேரப் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறும். பிறகு ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரியும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் சுரப்பு நின்றுபோவதால் சிறுநீர் அளவின்றிப் போய், ரத்தத்தில் சோடியம் ஏறும். உடல் தன் வெப்பத்தையும் காத்துக்கொள்ள இயலாது.

இதைச் சமாளிக்க வகுப்பறையில் சொல்லித்தரும் எளிய நினைவுக்குறிப்பு ‘நூறு விதி’. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100-க்கு மேல், சிறுநீர் மணிக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-க்கு மேல், ஹீமோகுளோபின் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் என்பது அதன் சாரம். உயிரைக் காக்கப் பழகிய செவிலியர், இறந்துவிட்டதாகச் சான்றளிக்கப்பட்டவரை அதே கவனத்தோடு பராமரிக்க வேண்டியிருக்கிறது. துயரத்தில் இருக்கும் குடும்பத்தாரிடம் பேசும் முறையும் மனத்தளர்வைத் தாங்கும் முறையும் பாடத்தில் இடம்பெறுவது இதற்காகவே. பிரிட்டனில் அந்த உரையாடலையே தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் நடத்துகின்றனர்.

உறுப்பு பெற்றவரின் கவனிப்பு

புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் சிறுநீர் வெள்ளமாய் வரலாம். மணிக்கொருமுறை அளந்து, அதற்கேற்ப சிரை வழித் திரவத்தை ஏற்ற வேண்டும். திடீரென அளவு குறைந்தால் குழாய் அடைப்பா, ரத்தம் உறைந்ததா, உடல் உறுப்பை நிராகரிக்கிறதா என உடனே பார்க்க வேண்டும்.

மாற்று இதயத்தின் கதை வேறு. அறுவையில் நரம்புத் தொடர்பு அறுபடுவதால், ஓய்விலும் அது நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். இதயத்தமனி அடைத்தாலும் பலருக்கு நெஞ்சுவலி தெரியாது. துடிப்பு குறையும்போது வழக்கமாகப் போடும் அட்ரோபின் ஊசி இங்கே பலிக்காது. இதை அறியாத செவிலியர் வலி வரும் எனக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் குறைந்தால் உறுப்பு போகும். கூடினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவைக் கணிக்க, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டு எடுத்தால் முடிவு தவறாகி, மருந்தளவும் தவறாகும். நோய் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டிருப்பதால் பெரிய தொற்றிலும் காய்ச்சல் லேசாகவே தெரியலாம். அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் புண், குழாய் சார்ந்த தொற்றுகளும், அடுத்த சில மாதங்களில் சைட்டோமெகலோ வைரஸ் போன்றவையும் தலைகாட்டும்.

வீட்டுக்கு அனுப்புமுன் கற்றுத்தருவதும் செவிலியரின் கடமை. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்குவது, எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவைப்பது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும் பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்ப்பது, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை ஒதுக்குவது ஆகியவை இதில் அடங்கும்.

புதிய வளர்ச்சிகள்

உறுப்பைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது பழைய முறை. இதயம் அதில் ஏறக்குறைய 4 மணி நேரமே தாங்கும். இப்போது உறுப்பைக் கருவியில் பொருத்தி, 37 டிகிரி வெப்பத்தில் ரத்தம் பாய்ச்சியபடி வைக்கிறார்கள். கல்லீரலை இப்படி 24 மணி நேரம் வரை வைத்து, லாக்டேட் குறைகிறதா, பித்தநீர் சுரக்கிறதா என்று சோதித்துப் பார்த்தே பொருத்தலாம். இந்தக் கருவிகளைக் கையாளும் குழுவினருக்கு அந்த அளவீடுகளைப் படிக்கும் பயிற்சியும் அவசியமாகிவிட்டது.

நிராகரிப்பைத் திசு எடுக்காமலே கண்டறிய, கொடையாளரின் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் அளக்கும் சோதனை வந்துள்ளது. இந்தியாவில் 2023-இல் மாநில வசிப்பிட நிபந்தனையும் 65 வயது வரம்பும் நீக்கப்பட்டதால், முதிய நோயாளிகளும் உறுப்புக்காகப் பதிவு செய்கின்றனர். ஒரே நபருக்குப் பல மருந்துகள் ஓடும்போது ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பது இதனால் கூடுதல் பொறுப்பாகிறது.

மரபணு திருத்திய பன்றியின் இதயம் 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்திலும், சிறுநீரகம் 2024 மார்ச்சில் பாஸ்டனிலும் மனிதருக்குப் பொருத்தப்பட்டன. இருவரும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வாழ்ந்தனர். மேரிலாந்து நோயாளியிடம் பன்றிகளின் சைட்டோமெகலோ வைரஸ் தடயம் பின்னர் தெரியவந்தது. விலங்குக் கிருமிகள் நோயாளியிடமும் அவரைப் பராமரிப்போரிடமும் பரவுகின்றனவா என்று நெடுங்காலம் கண்காணிப்பது இதனால் செவிலியர் பாடத்தில் புதிய அத்தியாயமாகிறது.