சாப்பாட்டைக் குறைத்து நடையையும் கூட்டினால்...

உடல் எடையைக் குறைப்பது பற்றித் தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் பேச்சு எழும்போது, நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பெண்கள் ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிடக்கூடாது என்கிறார்கள். 1,200 சாப்பிட்டுவிட்டு நடைப்பயிற்சியில் 300 கலோரியைச் செலவழித்தால் உடம்புக்கு மிஞ்சுவது 900தானே? அந்த 300ஐத் திரும்பச் சாப்பிட வேண்டுமா, வேண்டாமா?"

கணக்கு வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றினாலும், இது மிகவும் நியாயமான சந்தேகம். பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 1,500 என்பது மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் உணவைக் குறைப்பவர்களுக்காகச் சொல்லப்படும் பொதுவான எல்லை. அதற்கும் கீழே போனால் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, புரதம் ஆகியவற்றைச் சாதாரண உணவிலிருந்து போதுமான அளவு பெறுவது கடினம். அதனால்தான் அந்த எல்லை. எல்லாருக்கும் பொருந்தும் அளவுகோல் அல்ல அது. இன்னும் சொல்லப்போனால், அதிகம் நடமாடாதவர்களுக்குத்தான் அது ஓரளவு சரிப்பட்டு வரும்.

45 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடையுள்ள ஒரு குடும்பத் தலைவியை எடுத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை. அவர் படுக்கையை விட்டு எழாமல் இருந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை இயங்க, உடல் சூடு குறையாமல் இருக்க நாளொன்றுக்குச் சுமார் 1,280 கலோரி செலவாகும். 1990ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கும் மிஃப்லின் சூத்திரம் தரும் கணக்கு இது. அன்றாட நடமாட்டத்தையும் சேர்த்தால் 1,700 கலோரி ஆகிவிடும். அவர் 1,200 சாப்பிட்டால் பற்றாக்குறை 500. அதை உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஈடுகட்டும். தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறையலாம். பிறகு வேகம் தணியும்.

இவரே மாலையில் ஒரு மணி நேரம் விரைவு நடை போகிறார் என்றால்? உடற்பயிற்சிக் கூடத்து இயந்திரம் 300 கலோரி என்று காட்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் ஏறக்குறைய 70 கலோரி செலவாகியிருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 230தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அதுவும் குறையும். இயந்திரம் காட்டும் எண்ணை நம்பி 300ஐயும் திரும்பச் சாப்பிட்டால் நடந்த பலன் போய்விடும். ஒரு ரொட்டி சானாயே ஏறத்தாழ 300 கலோரி. கூடவே ஒரு கிளாஸ் தே தாரிக் குடித்தால் நடைக்கு முன்பிருந்த நிலையைவிட மோசம்! நடந்து முடித்ததும் நண்பர்களோடு நேரே உணவுக்கடைக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் பலரின் எடை ஏன் அசையவே இல்லை என்பதற்கு விளக்கம் வேறு வேண்டியதில்லை.

இந்தத் தாய்க்குக் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. ஒரு மணி நேர நடைக்காக அவர் அதிகம் கவலைப்பட வேண்டாம். களைப்பாக இருந்தால் ஓர் அவித்த முட்டையும் சிறிய வாழைப்பழம் ஒன்றும் போதும். இரண்டும் சேர்ந்து சுமார் 150 கலோரிதான். ஆனால் சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று காலையில் நடை, மாலையில் ஏரோபிக்ஸ் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டு அதே 1,200இல் நிற்பது வேறு கதை. பயிற்சிக்கே 600 கலோரி போய்விட்டால், மற்ற எல்லா உறுப்புகளுக்கும் உணவிலிருந்து கிடைப்பது அதில் பாதிதான்.

உண்மையான ஆபத்து மகளுக்கு. அதே வீட்டில் 22 வயதுப் பெண், எடை 50 கிலோதான். "அம்மா சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன்" என்று சேர்ந்துகொள்கிறாள். கூடவே நடனப் பயிற்சி. மெலிந்த உடலில் எடுத்துச் செலவழிக்க அவ்வளவு கொழுப்பு இல்லை. இவளைப் போன்ற இளம்பெண்களை வைத்து அமெரிக்காவில் ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனைகளின் முடிவு 2003இல் வெளிவந்தது. பயிற்சிக்கான செலவைக் கழித்தபின், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 கலோரிக்கும் குறைவாக மிஞ்சினால், ஐந்தே நாட்களில் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் சுரப்பு தடுமாறியது. மகளின் கொழுப்பு நீங்கலான எடை 38 கிலோ என்றால், பயிற்சி போக அவளுக்கு 1,140 மிஞ்ச வேண்டும். நடனத்துக்கு 300 கலோரி செலவானால் அவள் குறைந்தது 1,440 சாப்பிட்டாக வேண்டும். அம்மாவின் 1,200 அவளுக்குப் பட்டினி. மாதவிலக்கு தள்ளிப்போவதை இத்தகைய பெண்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எலும்பு தேயத் தொடங்குவது அப்போதுதான்.

குறைந்தபட்ச அளவைத் தாண்டிச் சாப்பிட்டும் பட்டினி கிடக்க முடியுமா என்று சிலர் ஐயப்படலாம். முடியும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்குத் தரப்பட்டது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று ஆண்களுக்குச் சொல்லப்படும் 1,500ஐவிட அதிகம்! ஆனால் அவர்கள் வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. மற்ற வேலைகளும் இருந்தன. உடல் எடையில் கால்பங்கு போயிற்று. ஓய்வு நேரத்தில் உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 40 விழுக்காடு சரிந்தது. கோடையிலும் குளிர் எடுத்தது. சிலர் சமையல் குறிப்பு நூல்களைக் கதைப் புத்தகம் போலப் படித்துக்கொண்டிருந்தார்களாம்.

உடல் இப்படிச் சிக்கனம் பிடிக்கும்போது, இழக்கும் எடையில் தசையும் சேர்ந்தே போகிறது. முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். மிக வேகமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு. தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சிகள் தேவை. அத்துடன் வேளைதோறும் பருப்பு, மீன், முட்டை, தவ்ஃபூ என ஏதாவதொரு புரத உணவும் வேண்டும். சோற்றைக் குறைப்பவர்கள் பலர் கறியையும் மீனையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள். இது தவறான சிக்கனம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

மலேசிய இந்தியர் குடும்பங்களில் இனிப்பு நீர் நோய் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்துவதும் பெரும்பாலும் இவர்களிடம்தான். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் நிலை அப்படியல்ல. பழைய சாப்பாட்டுக்கு ஏற்ற மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு உணவைப் பாதியாக்கி, மாலையில் ஒரு மணி நேரம் நடந்தால், மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பயிற்சியின் தாக்கம் 24 மணி நேரம் வரை நீடிக்கும் என்பதால், மாலையில் நடந்தவருக்கு நள்ளிரவில் தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். வீட்டுக் கருவியில் அளவு 4க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அவசர மருத்துவ வண்டியை அழைப்பதே வழி. தைப்பூசத்துக்காக ஒருவேளை உணவோடு விரதம் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் குறைப்பதும் கூடாது. உணவைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றித் தருவார். போகும்போது மூன்று நாட்கள் சாப்பிட்டது, குடித்தது, நடந்த நேரம், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. அந்த மூன்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். விருந்து நாளை விட்டுவிட்டு எழுதிய பட்டியலைக் கண்டுபிடிக்க உணவு ஆலோசகர்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை.