டோரா அகுன்யிலி: போலி மருந்தை எதிர்த்து நின்ற நைஜீரிய அமைச்சர்

டோரா அகுன்யிலி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நைஜீரியாவின் தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் நைஜீரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருந்துதான். அமைச்சராவதற்கு முன் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கை அவர் நடத்தினார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலைதான் அவரை அமைச்சரவை வரை கொண்டுபோனது. நம் வாசகர்கள் அவரை அறிந்துகொள்ள ஒரு தனிக் காரணமும் உண்டு. நைஜீரியா வாங்கும் மருந்தில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. அவர் திருப்பி அனுப்பிய சரக்கிலும் ஒரு பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் தயாரானதுதான்.

1954 ஜூலை 14 அன்று மக்குர்தி நகரில் ஓர் இக்போ குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தென்கிழக்கே உள்ள அனாம்ப்ரா மாநிலம். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போர் அவருடைய பள்ளிப் பருவத்தின் நடுவில் வந்து போனது. என்சுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து 1978-இல் பட்டமும் 1985-இல் முனைவர் பட்டமும் பெற்றார். மூலிகைகளின் மருந்துக் குணத்தை ஆராய்வது அவர் துறை. அங்கேயே ஆசிரியராகிப் பேராசிரியராக உயர்ந்தார். மருத்துவர் சிக்கே அகுன்யிலியை மணந்தார், ஆறு பிள்ளைகள்.

1988-இல் அவருடைய தங்கை இறந்தார். இருபதைத் தாண்டிய வயது, சர்க்கரை நோயாளி. போட்டுக்கொண்ட இன்சுலின் போலி. மருந்தியல் படித்த அக்காவைக் கொண்ட குடும்பத்துக்கே அந்தக் கதி என்றால், படிப்பறிவில்லாத கிராமத்துக் குடும்பங்களின் நிலை எப்படி இருந்திருக்கும்?

போலி மருந்து அங்கே அவ்வளவு தூரம் பரவியது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 1970-களில் எண்ணெய்ப் பணம் கொழித்த நாடு நைஜீரியா. 1980-களில் எண்ணெய் விலை சரிந்தது. நைராவின் மதிப்பும் கூடவே விழுந்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இருப்பு தீர்ந்து, சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொல்வது வழக்கமாயிற்று. வெளியே என்றால் பெரும்பாலும் திறந்தவெளிச் சந்தை. நைஜர் ஆற்றங்கரையில் ஒனிச்சா, தெற்கே அபா, வடக்கே கானோ, லாகோஸில் இடுமோட்டா எனப் பெரிய பெரிய மருந்துச் சந்தைகள். மருந்தியல் படிக்காத வியாபாரிகள் மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள். சிலவற்றில் வெறும் சுண்ணாம்புத்தூள். சிலவற்றில் பெயருக்குக் கொஞ்சம் மருந்து. சில காலாவதியாகி, புதுத் தேதி ஒட்டப்பட்டவை. இறக்குமதியாளர்களே ஆசிய உற்பத்தியாளர்களிடம் போய், மருந்தின் அளவைக் குறைத்துப் போட்டு மலிவாகக் கொடுங்கள் என்று கேட்டதும் உண்டு. பாதி வீரியமுள்ள மலேரியா மாத்திரை வெறும் சுண்ணாம்பைவிடக் கெடுதலானது. நோயாளியை அது குணப்படுத்தாது. கிருமிக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தியையும் கொடுத்துவிடும்.

1990-இல் பாராசிட்டமால் சிரப் குடித்து இபடான், ஜோஸ் நகரங்களில் 109 குழந்தைகள் இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. மருந்தைக் கரைக்க உதவும் புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே இதுவும் நிறமற்றது, இனிப்பானது, கெட்டியானது. விலை குறைவு, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு உரியது. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தை அழித்துவிடும். இந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1993-இல்தான் நாஃப்டாக் சட்டப்படி உருவானது. எட்டு ஆண்டுகள் அது பெயரளவில் கிடந்தது.

2001 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோ அதன் தலைமை இயக்குநராக அகுன்யிலியை நியமித்தார். அதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பின்னாளில் குடியரசுத் தலைவரான முகம்மது புகாரி நடத்திவந்த பெட்ரோலிய அறக்கட்டளை நிதியத்தில் அகுன்யிலி மண்டலச் செயலாளராக இருந்தார். உடல்நலம் குன்றியபோது லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நிதியம் பணம் கொடுத்தது. அங்கே போய்ப் பரிசோதித்ததில் அறுவைச் சிகிச்சையே தேவையில்லை என்றார்கள். அதற்காகக் கொடுத்த 12,000 பவுண்டை அவர் அப்படியே திருப்பிக் கட்டினார். ஊழல் மலிந்த ராணுவ ஆட்சிக் காலத்தில் இப்படி ஒருவர் செய்தார் என்ற செய்தி ஒபசாஞ்சோ காதுக்கு எட்டியது. நியமனத்துக்கு முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை. மருந்துச் சந்தை வியாபாரிகளில் பலர் இக்போக்கள். இக்போ பெண் ஒருவர் தன் சொந்த மக்கள்மீது கை வைப்பாரா என்று கேட்டார்கள்.

அவர் முதலில் அமைப்புக்குள் கையூட்டு வாங்கியவர்களை வெளியேற்றினார். பிறகு சரக்கு வரும் வழிகளைச் சுருக்கினார். அதுவரை மருந்து எந்த எல்லை வழியாகவும் நாட்டுக்குள் வரலாம். இனி அபாபா, கலபார் துறைமுகங்களும் லாகோஸ், கானோ விமான நிலையங்களும் மட்டுமே வழி என்றானது. நாலு வாசலைக் காவல் காப்பது நாற்பது வாசலைக் காப்பதைவிட எளிது என்பதே இதன் கணக்கு. இந்தியாவிலும் சீனாவிலும் தனிப் பகுப்பாய்வாளர்களை அமர்த்தி, சரக்கு கப்பலேறும் முன்பே சோதித்துச் சான்று தர ஏற்பாடு செய்தார். மட்டமான மருந்து அனுப்பிய இந்திய, சீன நிறுவனங்கள் பலவற்றைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார். உள்நாட்டில், பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் நாஃப்டாக் எண் அச்சிடப்பட வேண்டும் என்பதைக் கறாராக நடைமுறைப்படுத்தினார். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்று வானொலியிலும் பள்ளிகளிலும் ஓயாமல் சொன்னார். பிடிபட்ட சரக்கை டன் கணக்கில் மக்கள் கண்முன் கொளுத்தினார்.

என்னைக் கேட்டால், இவற்றில் மிகப் பெரிய வேலை அந்த எண்தான். ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலும் மருந்து வாங்குபவருக்கு ஒரு கேள்வி கேட்கும் தெம்பை அது கொடுத்தது.

2002-இல் ஆறு பெரிய சந்தைகளில் நாஃப்டாக் எடுத்த கணக்குப்படி, அங்கிருந்த மருந்துகளில் சுமார் 68 சதவீதம் பதிவு பெறாதவை. அடுத்த சில ஆண்டுகளில் அது வெகுவாகக் குறைந்தது என்று அமைப்பு அறிவித்தது. இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: பதிவு பெறாத மருந்தெல்லாம் போலி அல்ல. ஆனாலும் பதிவு இல்லையென்றால் யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. நைஜீரிய மருந்துக்குத் தடை விதித்திருந்த அண்டை நாடுகள் சில பிறகு அதை நீக்கின. மாற்றத்துக்கு அதை நல்ல சான்றாக எடுத்துக்கொள்ளலாம். 2003-இல் ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் நேர்மைக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் அனாம்ப்ராவில் அவர் காரில் போய்க்கொண்டிருந்தபோது துப்பாக்கிக்காரர்கள் வழிமறித்துச் சுட்டார்கள். ஒரு குண்டு அவர் தலையில் கட்டியிருந்த துணியைத் துளைத்து, உச்சந்தலையை உரசிக்கொண்டு போனது. அவர் தப்பினார். அவ்வழியே வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். 2004 மார்ச்சில் லாகோஸில் நாஃப்டாக்கின் வளாகம் தீக்கிரையானது. அவர் பதவியை விட்டு விலகவில்லை. 2007 மார்ச்சில் காவல்துறை, ராணுவத் துணையுடன் ஒனிச்சா மருந்துச் சந்தையையே மூடி, சரக்கை லாரி லாரியாக அள்ளினார். ஒனிச்சா இருப்பது அவருடைய சொந்த மாநிலமான அனாம்ப்ராவில்.

சட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை துணை நிற்கவில்லை. போலி மருந்து விற்றவருக்கு 5 லட்சம் நைராவுக்கு மிகாத அபராதம், அல்லது 5 முதல் 15 ஆண்டு வரை சிறை. அந்த ‘அல்லது’ போதும். கோடிகளில் புரளும் வியாபாரிக்கு 5 லட்சம் ஒரு பொருட்டா? தண்டனையைக் கடுமையாக்கச் சொல்லி அவர் தொடர்ந்து கேட்டுவந்தார்.

அவர் காலத்தின் மிகக் கசப்பான நிகழ்வு கடைசி மாதங்களில் வந்தது. 2008 இறுதியில், பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ‘மை பிக்கின்’ என்ற சிரப்பைக் குடித்து 84 குழந்தைகள் இறந்தார்கள். மீண்டும் டைஎத்திலீன் கிளைக்கால். இந்த முறை அது கள்ளச் சரக்கு அல்ல. பதிவு பெற்ற உள்நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. லாகோஸில் உரிமமில்லாத ஒரு ரசாயன வியாபாரியிடம் வாங்கிய கரைப்பானை அவர்கள் சோதிக்காமல் ஊற்றியிருந்தார்கள். சந்தைகளையும் துறைமுகங்களையும் அவ்வளவு கண்காணித்த அமைப்பு, உரிமம் பெற்ற தொழிற்சாலைக்குள் வரும் மூலப்பொருளைக் கவனிக்கத் தவறியது. நாஃப்டாக் தொழிற்சாலையை மூடியது. ஆனால் அந்த 84 பிள்ளைகளையும் அவருடைய சாதனைக் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்ததும் இதே நஞ்சு. உரிமம் இருந்தது, சோதனை இல்லை. இரண்டு இடங்களிலும் ஓட்டை ஒன்றுதான்.

2008 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உமாரு யாரடுவா அவரைத் தகவல் தொடர்புத் துறை அமைச்சராக்கினார். இந்தப் பதவியில் அவருடைய பெரிய திட்டம், நாட்டின் பெயரை உலகின் கண்ணில் மீட்டெடுப்பது. ‘நல்ல மக்கள், மகத்தான நாடு’ என்ற முழக்கத்தோடு 2009 மார்ச்சில் இயக்கத்தைத் தொடங்கினார். நைஜீரியர்களைக் குற்றக் கும்பலாகக் காட்டியதற்காக ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்ற திரைப்படத்தைத் திரையிட வேண்டாம் என்று அந்த ஆண்டே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். மின்சாரம் இல்லை, சாலை இல்லை, முழக்கம் எதற்கு என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. மருந்துப் பெட்டியின் மேலட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஊருக்குச் சொன்ன ஒருவருக்கு, நாட்டுக்கு மேலட்டை தயாரிக்கும் வேலை பொருந்தவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவருடைய நாட்டுப்பற்றில் எனக்கு ஐயமில்லை.

அமைச்சராக அவர் செய்த பெரிய காரியம் 2010 பிப்ரவரியில் வந்தது. அதன் பின்னணி இது. 2009 நவம்பர் 23 அன்று யாரடுவா சிகிச்சைக்காகச் சவூதி அரேபியா போனார். துணைத் தலைவர் குட்லக் ஜொனாதனிடம் அதிகாரத்தை எழுத்து மூலம் ஒப்படைக்கவில்லை. அன்றைய நைஜீரிய அரசமைப்பில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. விடுப்பில் போகும் தலைவர் நாடாளுமன்றத்துக்கு எழுதித் தெரிவித்தால் துணைத் தலைவர் பொறுப்பேற்கலாம். அல்லது தலைவர் செயல்படும் நிலையில் இல்லை என்று அமைச்சரவையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தீர்மானித்து, மருத்துவக் குழுவின் ஆய்வுக்கு வழி திறக்கலாம். தலைவர் எழுதவில்லை. அமைச்சரவையும், அவர் செயல்பட முடியாத நிலையில் இல்லை என்று ஜனவரி இறுதியில் தீர்மானம் போட்டது. இரண்டு மாதங்களுக்கு மேலாக நாடு தலைவரின்றி ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரித் தொடக்கத்தில் கூடிய அமைச்சரவைக் கூட்டத்தில்தான், ஜொனாதனைச் செயல் தலைவராக்க வழிவிட வேண்டும் என்ற குறிப்பு ஒன்றை அகுன்யிலி முன்வைத்தார். தன்னை அமைச்சராக்கிய மனிதர் நோய்ப்படுக்கையில் இருக்கும்போது இப்படிச் செய்வது நன்றிகெட்டதனம் என்று சக அமைச்சர்கள் சிலர் கொதித்தார்கள். அரசின் செய்தித் தொடர்பாளராகத் தினமும் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று பத்திரிகைகளிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் குறிப்பின் துணிச்சல் விளங்கும். சில நாட்களில், பிப்ரவரி 9 அன்று, நாடாளுமன்றம் ஜொனாதனைச் செயல் தலைவராக அங்கீகரித்தது. ஏற்கெனவே பொதுமக்களின் நெருக்கடியும் முன்னாள் தலைவர்களின் குரலும் சேர்ந்துகொண்டிருந்ததால், அவர் ஒருவராலேயே அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அமைச்சரவைக்குள்ளிருந்து அப்படி வெளிப்படையாகப் பேசியவர் அவர்தான். யாரடுவா அந்த ஆண்டு மே 5 அன்று காலமானார். ஜொனாதன் தன் புதிய அமைச்சரவையிலும் அகுன்யிலியை அதே துறையில் வைத்துக்கொண்டார்.

2010 டிசம்பரில் பதவி விலகி, அப்கா கட்சியின் சார்பில் அனாம்ப்ரா மத்திய தொகுதியில் செனட் தேர்தலில் நின்றார். முன்னாள் ஆளுநர் கிறிஸ் இங்கிகேயிடம் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வழக்குப் போட்டும் முடிவு மாறவில்லை. 2014-இல் கூடிய தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதியாக அவர் வந்தபோது, மெலிந்துபோன உருவத்தைக் கண்டு நாடே பதறியது. புற்றுநோய். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று இந்தியாவில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. உடலைக் கணவரின் ஊரான அகுலுவில் அடக்கம் செய்தார்கள். 2021 செப்டம்பரில், அவர் நினைவாக நடந்த ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொண்டு திரும்பும் வழியில் கணவர் சிக்கே அகுன்யிலியை அனாம்ப்ராவில் துப்பாக்கிக்காரர்கள் கொன்றார்கள்.

அகுன்யிலி தொடங்கிய வேலை அவரோடு முடியவில்லை. ஒனிச்சா, அபா, இடுமோட்டா ஆகிய மூன்று மருந்துச் சந்தைகளையும் நாஃப்டாக் 2025 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் மூடிச் சோதனை போட்டது. அப்போது அதன் தலைமை இயக்குநர் மோஜிசோலா அடேயேயே. அவரும் மருந்தியல் பேராசிரியர்.