மோட்டார் போட்டால் சோலார் ஏன் நிற்கிறது?

தென்காசி பக்கம் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேனல் இருக்கு. ஒவ்வொன்றும் 540 வாட். ஆறையும் வரிசையாகக் கோர்த்து ஒரே ஸ்ட்ரிங். போன ஆனி மாசம் இன்வெர்ட்டரில் சிவப்பு லைட் எரிந்து, ஆப்பில் 'ஆர்க் ஃபால்ட்' என்று வர ஆரம்பித்தது. சில நிமிஷத்தில் தானே சரியாகி ஓடும். மறுபடி நிற்கும். ஒரே நாளில் பல தடவை ஆனால் பூட்டிக்கொள்ளும், யாராவது போய் ரீசெட் பண்ணணும். நாளைக்கு 12 யூனிட் கொடுத்துக்கொண்டிருந்தது 5, 6 என்று இறங்கிவிட்டது.

மாட்டிக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், "அது சும்மா வர்ற எரர் சார். செட்டிங்ல ஆஃப் பண்ணிடுறோம், அப்புறம் வராது" என்றார்கள். அக்காவும் "பண்ணிட்டுப் போறாங்க, விடுடே" என்றாள். நான்தான் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அது ஏன் என்று புரிய, அந்த எரர் எதைப் பற்றியது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வீட்டு சுவிட்சை அணைக்கும்போது சின்னதாக ஒரு நீலப் பொறி தெரியும், உடனே செத்துவிடும். நம் வீட்டு ஏசி மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அந்த இடைவெளியில் பொறி அணைய வழி கிடைக்கும். பேனலிலிருந்து வருவது டிசி. அதற்குப் பூஜ்யமே கிடையாது. கனெக்டருக்குள் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்து பொறி பற்றிக்கொண்டால், வெயில் இருக்கிற வரைக்கும் வெல்டிங் மாதிரி நின்று எரியும்.

ஃபியூஸ் போகாதா என்று கேட்கலாம். போகாது. பேனலின் இரண்டு முனையையும் நேரடியாகச் சேர்த்தால்கூட, அது சாதாரணமாகக் கொடுக்கிற ஆம்பியரைவிடக் கொஞ்சம்தான் கூடும். தொடர் கம்பியில் இடைவெளி விழுந்தாலோ கரண்ட் குறையத்தான் செய்யும். அதிகக் கரண்டுக்காகக் காத்திருக்கிற ஃபியூஸுக்கு இங்கே வேலையே இல்லை.

இடைவெளியில் 25 வோல்ட் விழுகிறது, கம்பியில் 12 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 300 வாட். ஒரு அரிசி மணி அளவு இடத்தில் 300 வாட் சூடு, சுற்றிலும் பிளாஸ்டிக். இதனால்தான் அமெரிக்க மின் விதிகளில் 2011-ல், கட்டடத்தின் மேல் ஓடும் 80 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள சோலார் டிசி லைனுக்கு ஆர்க்கைக் கண்டுபிடித்து நிறுத்தும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கினார்கள். இன்றைய சர்வதேச அளவுகோல், 2.5 வினாடிக்குள் அல்லது ஆர்க்கில் செலவாகும் ஆற்றல் 750 ஜூலைத் தாண்டுவதற்குள் நிறுத்தணும் என்கிறது. மேலே சொன்ன 300 வாட் ஆர்க்குக்கு இரண்டும் ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பாருங்க.

கரண்டின் அளவை வைத்துப் பிடிக்க முடியாது என்றால் வேறெப்படி? சத்தத்தை வைத்து. ஆர்க் எரியும்போது கம்பியில் ஓடும் கரண்டின் மேல் ஒரு சலசலப்பு ஏறும். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குச் சத்தம் போடும், ஆனால் அது ஆட்டோ ஹாரன் மாதிரி. தன் சுவிட்சிங் அலைவரிசையிலும் அதன் மடங்குகளிலும் மட்டும் கூர்மையாக நிற்கும். உள்ளே ஒரு சென்சார் சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து நூறு கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மழைச் சத்தம் மாதிரி ஏதாவது கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டால் லைனை நிறுத்திவிடும்.

ஆக அதற்குக் காது மட்டும்தான், கண் கிடையாது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. பொய் டிரிப் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

அக்கா வீட்டுக்கு நான் போட்ட வைத்தியம் ஒரு 40 பக்க நோட்டு. டிரிப் ஆன நேரம், வெயில், காற்று, மழை, அப்போது எத்தனை வாட் ஓடியது. நேரமும் வாட்டும் ஆப்பிலேயே இருக்கும், மற்றதை அக்கா எழுதணும். எழுதினாள், திட்டிக்கொண்டே.

இடையில் ஒன்று. சாரல் காலத்தில் இன்னொரு எரரும் வரும், 'ஐசோலேஷன்' என்று. ஈரத்தால் கம்பியிலிருந்து எர்த்துக்குக் கசிவது அது. காலையில் வந்து, வெயில் ஏறிக் காய்ந்ததும் போய்விடும். ஆர்க் ஃபால்ட்டோடு அதற்கு உறவில்லை, ஆனால் போனில் சொல்லும்போது எல்லாமே 'அந்த ரெட் லைட்டு'தான். நோட்டில் எரர் பெயரையும் அப்படியே எழுதுங்க.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பிரித்தால் மொத்தம் 19 டிரிப். அவை இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒரு கூட்டம் காலை ஏழு, ஏழேகாலுக்கும் சாயந்திரம் ஐந்து மணி சுமாருக்கும். அப்போதெல்லாம் பேனலில் சொற்ப வாட்தான். இன்னொரு கூட்டம் பதினொன்றரையிலிருந்து ஒன்றரைக்குள், அதுவும் காற்று அடிக்கிற நாளில். இது ஒரு வியாதி இல்லை, இரண்டு.

முதல் கூட்டத்தை நான் அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது மோட்டார் போடுற நேரம்லா" என்றாள்.

போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பழசு. வோல்டேஜ் குறைவாக இருக்கிற நேரத்தில் உள்ளே காண்டாக்டர் முழுசாகப் பிடிக்காமல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொறி. அந்த மோட்டார் வயரும் மாடியிலிருந்து இறங்கும் சோலார் டிசி கேபிளும் பின்பக்கச் சுவரில் ஒரே கட்டாக எட்டு மீட்டர் ஓடுகின்றன. மாட்டினவர்கள் அழகுக்காக டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். மோட்டார் வயரின் இரைச்சல் பக்கத்துக் கேபிளில் ஏற, இன்வெர்ட்டர் அதைக் கேட்டிருக்கிறது. யோசித்தால் அது பொய் சொல்லவே இல்லை. நிஜமாகவே எரிந்த பொறியைத்தான் கேட்டிருக்கிறது, தன் வீட்டுப் பொறி என்று நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சோலார் ஓடும்போது மோட்டாரை ஐந்து தடவை போட்டுப் பார்த்தோம், மூன்று தடவை நின்றது. காண்டாக்டரை மாற்றி, டிசி கேபிளைத் தனிக் குழாயில் ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோனதும் அந்தக் கூட்டம் அடங்கியது.

இந்த இடத்தில் ஆஃப் பண்ணியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. என்னைப் பொறுக்கச் சொல்ல வைத்தது இரண்டாவது கூட்டம்தான், அது அப்போது எனக்குத் தெரியாது.

மத்தியானம் மட்டும் ஏன்? சரியாகப் பிடிக்காத ஒரு இணைப்பில் 0.2 ஓம் தடை இருக்கு என்று கொள்வோம். காலையில் 2 ஆம்பியர் ஓடும்போது அங்கே ஒரு வாட்டுக்கும் குறைவான சூடு. உச்சி வெயிலில் 12 ஆம்பியர் ஓடும்போது 29 வாட். கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் இந்த வித்தியாசம். சூட்டில் உலோகம் விரியும், பிளாஸ்டிக் இளகும், ஆனி ஆடிக் காற்றில் தொங்கும் கேபிள் ஆடும். பிடிமானம் ஒரு கணம் விலகினால் போதும்.

தேட வேண்டிய இடமும் குறைவு. பேனலோடு ஃபேக்டரியிலேயே வரும் கனெக்டர்கள் ஒன்றோடொன்று கோர்க்கிற இடத்தில் பிரச்சனை அபூர்வம். ஸ்ட்ரிங்கின் இரண்டு கடைசியிலும்தான், பேனல் கனெக்டரும் ஆள் மாடியில் உட்கார்ந்து மாட்டின கனெக்டரும் சேரும். எம்சி4 என்பது உண்மையில் ஒரு சுவிஸ் கம்பெனியின் மாடல் பெயர். அதோடு சேரும் என்று சொல்லி விற்கிற மற்ற கம்பெனி கனெக்டர்களும் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஊசியின் அளவும் பூச்சும் அப்படியே ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் ஜோடி சேரும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கணும் என்பது விதி.

நண்பனிடம் இரவல் வாங்கிய தெர்மல் கேமராவை மத்தியானம் பன்னிரண்டரைக்கு எதையும் தொடாமல் காட்டினேன். மற்ற கனெக்டர்கள் 50 டிகிரி சுமார். பாசிட்டிவ் முனையில் ஒன்று 86.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கனெக்டரை உருவினால் நாம் தேடிக்கொண்டிருந்த ஆர்க் கையிலேயே பிறக்கும். வெயில் இருக்கிற வரை ஆறு பேனலும் சேர்ந்து 250 வோல்ட்டுக்கு மேல் டிசி, ஆளைக் கொல்லும். முதலில் ஏசி பிரேக்கர், அடுத்து டிசி ஐசோலேட்டர், பிறகு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கழற்றணும். சோலார் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்யட்டும். நாங்களும் சாயந்திரம் வரைக்கும் காத்திருந்து, ஆளை வைத்துத்தான் பிரித்தோம்.

இரண்டு பாதியும் வேறு வேறு கம்பெனி. ஆள் மாட்டின பாதியில் ஊசியைக் கிரிம்ப் டூல் இல்லாமல் பிளையரால் நசுக்கியிருந்தது, இழுத்தால் கம்பி கையோடு வந்தது. உள் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு ஓரம் கருகியிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க யாரோ சொருகி வைத்த தெர்மாகோல்.

இரண்டு ஸ்ட்ரிங் உள்ள வீடுகளில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டரில் இரண்டின் இடத்தையும் மாற்றிப் போடுங்க. எரரும் கூடவே இடம் மாறினால் கோளாறு மாடியில், மாறாமல் அதே இடத்தில் நின்றால் இன்வெர்ட்டரில். மோட்டார் இல்லாமலும் பொய் டிரிப் வரும். பக்கத்தில் இன்னொரு இன்வெர்ட்டர், ஒரே குழாயில் இரண்டு ஸ்ட்ரிங், தெருவில் ஒரு ஹாம் ரேடியோக்காரர் என்று எதுவும் காரணமாகலாம். மாடியில் ஓடும் நீளமான டிசி கேபிள் நல்ல ஆன்டெனா. எதுவுமே பொருந்தவில்லை என்றால் கம்பெனியிடம் புது ஃபர்ம்வேர் இருக்கா என்று கேட்கலாம், கண்டுபிடிக்கும் முறையை அதில்தான் திருத்துகிறார்கள். ஆஃப் பண்ணுவது என் வரிசையில் இதற்கெல்லாம் பிறகும் வராது.

இரண்டு முனையிலும் ஒரே கம்பெனி கனெக்டர் போட்டு, டூல் வைத்துக் கிரிம்ப் பண்ணி ஐந்து மாசம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு டிரிப், ஐப்பசியில் இடி இடித்த ஒரு சாயந்திரம். அக்கா அதையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் 'மோட்டார் போடலை' என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள்.