எல்லையோர வகுப்பறைகள் – 9: ‘அதிகம்’ என்றால் கூட்டலா?

‘செல்வி அக்கா இன்று 24 கிலோ கொழுந்து எடுத்தார். இது மாரியம்மா எடுத்ததைவிட 6 கிலோ அதிகம். மாரியம்மா எடுத்தது எத்தனை கிலோ?’

நான்காம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பல நோட்டுகளில் 30 என்ற விடை இருக்கும். ‘அதிகம்’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே பிள்ளை இரண்டு எண்களையும் கூட்டிவிடுகிறது. கூட்டலில் பிழையே இல்லை. யார் கூடுதலாக எடுத்தார், யார் குறைவாக எடுத்தார் என்று மட்டும் பார்க்கவில்லை. நோட்டில் இரண்டு கோடு போட்டு, மேலே செல்வி அக்கா, கீழே மாரியம்மா என்று எழுதி, எந்தக் கோடு நீளம் என்று கேளுங்கள். 18 என்ற விடை தானாக வரும்.

பழக்கத்தை ஏற்படுத்துவது நாம்தான். ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, ஒவ்வொருவருக்கும் என்றால் வகு’ என்று சூத்திரம் போலச் சொல்லிக் கொடுக்கிறோம். கேரளத்தில் நான்காம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடக்கும் உதவித்தொகைத் தேர்வுகள் நெருங்கும்போது இந்தக் குறுக்குவழிக்கு மவுசு கூடுகிறது. கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டாலும் பிள்ளை வழுக்கி விழுகிறது.

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் 36 என்பது போல, அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். கணக்கு என்றால் கொடுத்த எண்களை வைத்து எதையாவது செய்ய வேண்டும் என்று மட்டுமே அவர்களுக்குப் பழகியிருந்தது. கிரெனோபிளுக்கும் நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்கும் இதில் வேறுபாடு இல்லை.

நம் எல்லையோரப் பிள்ளைகளுக்கு ஒரு வலு இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தமிழர் வாழும் தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. அதே நாளில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350ஏ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரள அரசு இன்றும் தமிழ்வழிப் பாடநூல்களை அச்சிடுகிறது. கணக்கின் வாக்கியத்தை வீட்டு மொழியிலேயே வாசிக்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு உண்டு. அந்த வாக்கியத்துக்குள் அதன் ஊரும் வந்துவிட்டால், குருட்டாம்போக்கில் கூட்டிப் பெருக்கும் பழக்கம் குறையும்.

மூணாறிலிருந்தே தொடங்கலாம். இரவிகுளம் மலைகளில் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 1982, 1994, 2006, 2018. அடுத்தது எப்போது என்று கேட்டால், இரண்டிரண்டு எண்களாகக் கழித்துப் பார்த்து 12 என்ற இடைவெளியைக் கண்டுபிடிப்பார்கள், 2030 என்பார்கள். அதோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் ஆண்டையும் 12-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் மீதி 2. இப்போது பிள்ளைகள் கையில் ஒரு விதி இருக்கிறது. ‘2100-ல் பூக்குமா?’ என்று கேட்டால், எண்ணிக்கொண்டே போக வேண்டியதில்லை. 2100-ஐ 12-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. ஆகவே பூக்காது, 2102-ல்தான் பூக்கும். ‘இப்போது உனக்கு என்ன வயது, 2030-ல் என்ன வயது?’ என்ற வாக்கியக் கணக்கையும் இதே பட்டியலிலிருந்து எடுக்கலாம்.

இங்கே இன்னொரு தகவலையும் சேர்க்க வேண்டும். 2022-ல் இதே இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்தது. 2022-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 6. நம் விதி பொய்யா? இல்லை. அந்த மலைச் செடிகளின் சுற்று வேறு ஆண்டில் தொடங்குகிறது. ஒரு விதி எந்த இடத்துத் தகவலிலிருந்து வந்ததோ அந்த இடத்துக்குத்தான் பொருந்தும் என்பதைப் பத்து வயதிலேயே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அது கணிதத்தில் பெரிய படி.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளிலும் கணக்கு உண்டு. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்ட மூணாறு தோட்டப் பெண்கள், 10 சதவீத போனஸ் போதாது, 20 சதவீதம் வேண்டும் என்று சாலையில் அமர்ந்தார்கள். கடைசியில் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத்தொகை, ஆக 20 என்று முடிவானது. 8.33 என்ற இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 100-ஐ 12-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதக் கூலி. மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 60,000, 8.33 சதவீதம் ஏறக்குறைய 5,000, 11.67 சதவீதம் ஏறக்குறைய 7,000, மொத்தம் 12,000. தன் பாட்டியும் அம்மாவும் எதற்காகப் போராடினார்கள் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்போது ரூபாயில் புரியும்.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் தண்ணீர்க் கணக்கு. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி ஜூலை முதல் ஜூன் வரையிலான ஓராண்டில் சித்தூர் பாசனத்துக்கு மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். முதல் ஐந்து மாதத்தில் 3 டி.எம்.சி. வந்ததாக வைத்துக்கொள்வோம். மீதி எவ்வளவு என்று கேட்டால் 4.25 என்று கழித்துவிடுவார்கள். ‘இதே வேகத்தில் வந்தால் ஆண்டுக்குள் முழுதும் வந்துவிடுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 0.6; பன்னிரண்டு மாதத்துக்கு 7.2. ஏறக்குறைய வந்துவிடும், 0.05 குறையும். நெல் வயல் வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் தசமக் கணக்கு அல்ல.

காரிநாயனாரின் பழைய தமிழ்க் கணக்கு நூலான ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண ஒரு வழி சொல்கிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. பலாக்காலத்தில் ஒரு பழத்தை வகுப்புக்கே கொண்டுவந்து, முள், கணித்த சுளை, எண்ணிய சுளை, வித்தியாசம் என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒரு பழம் போதாது. பல வீடுகளில் எண்ணிய விவரத்தையும் சேர்த்துப் பட்டியலை நீட்டுங்கள். பழைய விதி எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பிள்ளைகளே தீர்ப்பு சொல்லட்டும்.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-ல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைச் சொன்னார்: கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் வகுப்புகளில் மூன்றாவது படிக்கே முழு நேரமும் போய்விடுகிறது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு நாள் பாடநூலை மூடிவையுங்கள். அணையின் நீர்மட்டமோ, ஏலக்காயின் விலையோ, எஸ்டேட்டின் மழையளவோ, ஊர்த் தகவல் ஒன்றைப் பலகையில் எழுதி, அதிலிருந்து பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். கேள்வியைத் தானே எழுதிய பிள்ளை ‘அதிகம்’ என்ற ஒரு சொல்லுக்கு ஏமாறாது.

(தொடரும்)