சோறு எவ்வளவு: கிராமா, கோப்பையா?

தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பயின்றோர் நிறுத்தல், முகத்தல் என்னும் இரு அளவைகளையும் அறிவர். எடையைக் காண்பது நிறுத்தல். ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் காண்பது முகத்தல். நமது நாட்டின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 'திம்பாங் டான் சுக்காட்' என்று இவ்விரண்டையும் தனித்தனியாகவே பெயரிட்டுக் குறிக்கின்றது.

நாம் அரிசியைக் கடையில் கிலோவாக வாங்குகின்றோம். வீட்டில் டின்னால் அளந்து உலையில் இடுகின்றோம். தட்டில் கரண்டியால் பரிமாறுகின்றோம். வீட்டில் இனிப்புநீர் நோயுள்ளவர் இருந்தால், கிளினிக்கில் அவருக்குரிய சோற்றின் அளவைக் கிராமிலோ கோப்பையிலோ கூறுவார்கள். அதனைத் தவறாகக் கொண்டால் நோய் மிகும்.

முதலில், அந்த அளவு அரிசிக்கா, சோற்றுக்கா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பால்மரம் வெட்டுவோருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வாளியிலுள்ள பால் முழுவதும் ரப்பர் ஆகாது. அதில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே கணக்கு. சோறும் அத்தகையதே. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 70 கிராம் நீரே. மாவுச்சத்து சுமார் 28 கிராம்.

250 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பையைக் கொண்டு இதனைக் காண்போம்.

ஒரு கோப்பை அரிசியின் எடை: சுமார் 200 கிராம்.
அதனைச் சமைத்தால் கிடைக்கும் சோறு: சுமார் 500 முதல் 550 கிராம், ஏறத்தாழ 3 கோப்பை.
ஒரு கோப்பை உதிரியான சோற்றின் எடை: சுமார் 160 முதல் 180 கிராம்.

ஒருவருக்கு 160 கிராம் சோறு என்று கூறப்பட்டிருக்க, இல்லத்தார் 160 கிராம் அரிசியை அளந்து சமைத்துவிட்டால், அது 400 கிராமுக்கும் மேற்பட்ட சோறாகிவிடும். உண்ண வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு!

சோற்றை அழுத்தி நிரப்பினாலும், அது குழைந்திருந்தாலும், அதே கோப்பையில் 200 கிராம் வரை அடங்கும். எனவே சோற்றை அழுத்தாமல் அள்ளி, மேலே குவியாதவாறு தட்டி மட்டமாக்கி அளத்தல் நன்று.

எல்லாக் கோப்பைகளும் ஓரளவினவல்ல. மின்சாரச் சோற்றுப் பானையுடன் வரும் கோப்பை பெரும்பாலும் 180 மில்லிலிட்டரே. அதில் சுமார் 150 கிராம் அரிசி அடங்கும். பால் டின்களும் பல அளவுகளில் உள்ளன. ஆதலால் நம் வீட்டு அளவைகளை நாமே ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். தராசு தேவையில்லை. ஒரு கிலோ அரிசிப் பையை வாங்கி, அது எத்தனை டின் என்று எண்ணுக. நான்கு டின் எனில், ஒரு டின் 250 கிராம். அதுபோலவே 500 மில்லிலிட்டர் போத்தல் நீர் இரண்டு கோப்பைகளைச் சரியாக நிரப்பினால், அக்கோப்பை 250 மில்லிலிட்டர். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி அடுக்களையில் ஒட்டி வைத்தால் வீட்டிலுள்ள யாவருக்கும் பயன்படும்.

அளக்க இயலாத விருந்து, திருவிழா நாட்களில் சுகாதார அமைச்சு கூறும் தட்டுமுறை கைகொடுக்கும். தட்டில் காற்பங்கு சோறு. காற்பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. எஞ்சிய அரைப்பங்கு காய்கறியும் பழமும்.

சோற்றை அளவின்றிக் குறைப்பதும் ஆபத்தே. இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோர் போதிய உணவின்றி விடியற்காலையில் வேலைக்குச் சென்றால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகக்கூடும். ஆகவே அளவைத் தாமாக மாற்றாமல் மருத்துவரையோ தாதியரையோ கலந்துகொள்ளுதல் வேண்டும். அடுத்தமுறை கிளினிக்குக்குச் செல்லும்போது வீட்டுக் கோப்பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "இதில் எவ்வளவு சோறு உண்ணலாம்?" என்று அதனைக் காட்டியே கேளுங்கள்.